பிரிட்டன் தொழிலாளிக்கு ஓட்டு வந்த கதை

பிரிட்டனில் வாக்களிக்கும் வயதை 18இலிருந்து 16 ஆகக் குறைக்கப் போவதாக அந்நாட்டு அரசு 2025 ஜூலையில் அறிவித்தது. இப்படிச் செய்தி வரும்போதெல்லாம், பிரிட்டன் என்றாலே அமளி துமளி இல்லாமல் படிப்படியாக ஓட்டுரிமையை விரித்த நாடு என்ற எண்ணம் பலருக்கும் வரும். பள்ளிப் பாடமும் ஏறக்குறைய அதைத்தான் சொல்லித் தந்தது: தொழிற்புரட்சி வந்தது, நகரங்கள் வளர்ந்தன, சீர்திருத்தச் சட்டங்கள் வந்தன.

கணக்குதான் உதைக்கிறது. நீராவியில் ஓடும் பஞ்சாலை 1780களிலேயே வந்துவிட்டது. 21 வயதான ஆண்கள் எல்லாருக்கும் ஓட்டு கிடைத்தது 1918இல்; பெண்களுக்கு அதே வயதில் கிடைத்தது 1928இல். ஆலை வந்தால் ஓட்டு தானாக வந்துவிடும் என்றால், நடுவில் 130 ஆண்டுகளுக்கு மேல் என்ன நடந்தது?

1832க்கு முன்பு யாருக்கு ஓட்டு?

அன்றைய மக்கள் சபையில் 658 இடங்கள். தொகுதிகள் பெரும்பாலும் இரண்டு வகை. ஒன்று மாவட்டத் தொகுதி. இங்கிலாந்தில் அங்கே ஓட்டுப் போட, ஆண்டுக்கு 40 ஷில்லிங் வருமானம் தரும் சொந்த நிலம் வேண்டும். இந்த விதி 1430இல் போட்டது. நானூறு ஆண்டுகள் அப்படியே கிடந்தது.

இன்னொன்று நகரத் தொகுதி. இங்கே ஊருக்கு ஒரு விதி. சில ஊர்களில் சொந்த அடுப்பில் உலை வைக்கும் குடும்பத் தலைவர் எல்லாருக்கும் ஓட்டு. சில ஊர்களில் நகரசபை உறுப்பினர்களுக்கு மட்டும். வேறு சில ஊர்களில் ஓட்டு மனிதருக்கே இல்லை, குறிப்பிட்ட சில மனைகளுக்குத்தான். மனையை வாங்கினால் ஓட்டும் சேர்ந்து வரும். மனைகள் மொத்தத்தையும் ஒருவர் வாங்கிவிட்டால் தொகுதியே அவர் பையில்.

சாலிஸ்பரி பக்கத்தில் உள்ள ஓல்டு சாரம் அப்படிப்பட்ட இடம். ஊர் என்று சொல்ல அங்கே எதுவும் இல்லை, புல் முளைத்த மேடுதான். ஆனாலும் அதற்கு இரண்டு உறுப்பினர்கள். டன்விச் என்ற துறைமுக ஊரைக் கடல் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிட்டது. மிஞ்சிய 32 வாக்காளர்கள் இரண்டு பேரைத் தேர்ந்தெடுத்தார்கள். கார்ன்வால் என்ற ஒரு மாவட்டத்துக்கு மட்டும் 42 உறுப்பினர்கள். ஒரு லட்சம் மக்கள்தொகையைத் தாண்டிவிட்ட மான்செஸ்டர், பர்மிங்காம், லீட்ஸ் நகரங்களுக்குத் தனியாக ஒருவர்கூட இல்லை. மக்கள் இடம்பெயர்ந்தார்கள், தொகுதிகள் நகரவில்லை. நகர்த்த வழிசெய்யும் விதியும் கிடையாது.

இந்த 'அழுகிய தொகுதி' வியாபாரத்தில் நம் பக்கத்துப் பணமும் புழங்கியது. ஓல்டு சாரத்தை விலைக்கு வாங்கியவர் தாமஸ் பிட். இந்திய வணிகத்தில் கை வைத்துச் சம்பாதித்தவர். பிறகு 1698 முதல் 1709 வரை சென்னை ஜார்ஜ் கோட்டையின் ஆளுநர். அவர் பேரன் வில்லியம் பிட் 1735இல் அதே தொகுதி வழியாகத்தான் அரசியலில் நுழைந்தார், பின்னாளில் நாட்டின் தலைமை வரை போனார். பால் பென்ஃபீல்டு என்ற கிழக்கிந்தியக் கம்பெனி ஊழியர் ஆற்காடு நவாப் முகமது அலிக்குக் கடன் கொடுத்து, அதற்கு ஈடாகத் தஞ்சாவூர் விளைச்சலின் வருவாயே தனக்கு எழுதித் தரப்பட்டிருக்கிறது என்று உரிமை கொண்டாடியவர். ஊர் திரும்பி உறுப்பினரும் ஆனார். 1785இல் நவாபின் கடன் பற்றி எட்மண்ட் பர்க் பேசிய நீண்ட உரையில், முந்தைய நாடாளுமன்றத்தில் எட்டு உறுப்பினர்களை உண்டாக்கியவர் இவர்தான் என்று குற்றம் சாட்டினார். காவிரிப் படுகையின் நெல் லண்டனில் சட்டமன்ற நாற்காலியாக மாற முடிந்தது. மான்செஸ்டரின் நூலால் முடியவில்லை. முதலாளிகளின் எரிச்சலுக்கு அடிப்படை இதுதான்.

ஆலை எதை மாற்றியது?

தொழில்மயமாதல் நேரடியாக ஓட்டைக் கொண்டுவரவில்லை. ஓட்டுக் கேட்கத் தெம்புள்ள ஆட்களைக் கொண்டுவந்தது.

1. ஓட்டில்லாத ஊர்களில் பணம் குவிந்தது. ஆலை முதலாளி வரி கட்டினார், வேலை கொடுத்தார். சட்டம் செய்யும் சபையில் அவருக்கு ஆள் இல்லை.

2. கிராமத்தில் சிதறிக் கிடந்த உழைப்பாளிகள் ஒரே தெருவில், ஒரே சங்கொலிக்கு எழுந்து, ஒரே கூரையின் கீழ் வேலை செய்தார்கள். கூட்டம் கூட்ட ஆள் அனுப்ப வேண்டியதில்லை. கூலிக் குறைப்பு ஒரே நாளில் ஆயிரம் வீட்டுக்குத் தெரிந்தது.

3. சபையின் முடிவு அடுப்பங்கரை வரை வந்தது. 1815இல் வந்த தானியச் சட்டம், உள்நாட்டுக் கோதுமை விலை குவார்ட்டர் என்ற தானிய அளவுக்கு 80 ஷில்லிங்கை எட்டும்வரை வெளிநாட்டுக் கோதுமை விற்பனையைத் தடுத்தது. நிலப்பிரபுக்களின் சபை தன் வருமானத்துக்காகப் போட்ட சட்டம் அது. ரொட்டி விலையும் ஓட்டும் ஒரே பிரச்சினை என்பதைத் தொழிலாளிக்கு எந்தப் பேச்சாளரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

மூன்றாவது காரணம்தான் மற்ற இரண்டுக்கும் தீ மூட்டியது என்பது என் கணிப்பு.

பீட்டர்லூ, 1819

1819 ஆகஸ்ட் 16, மான்செஸ்டரின் செயின்ட் பீட்டர் திடல். சுற்றுவட்டார நெசவு ஊர்களிலிருந்து கொடி பிடித்து, பாட்டுப் பாடி, அணி அணியாக நடந்து வந்தவர்கள் சுமார் 60,000 பேர். வெள்ளை உடை உடுத்திய பெண்கள் சங்கங்களும் உண்டு. ஓட்டுரிமை கேட்கத்தான் கூட்டம். பேச வந்தவர் அதற்காகக் குரல் கொடுத்துவந்த ஹென்றி ஹன்ட். அவரைக் கைது செய்ய மாஜிஸ்திரேட்டுகள் உள்ளூர்க் குதிரைப்படையை ஏவினார்கள். உருவிய வாளோடு குதிரைகள் கூட்டத்துக்குள் புகுந்தன. குறைந்தது 15 பேர் செத்தார்கள், நூற்றுக்கணக்கானோருக்குக் காயம். திடலை நோக்கி விரைந்த குதிரை ஒன்றின் காலடியில் தாய் கையிலிருந்து விழுந்த இரண்டு வயதுக் குழந்தையும் இறந்தவர்களில் சேர்த்தி.

அந்தக் குதிரைப்படையில் இருந்தவர்கள் யார் என்பது முக்கியம்: ஆலை முதலாளிகள், அவர்கள் வீட்டுப் பிள்ளைகள், கடைக்காரர்கள். அதாவது அவர்களுக்கும் மான்செஸ்டரில் தனி உறுப்பினர் இல்லை. ஓட்டில்லாத முதலாளி ஓட்டில்லாத தொழிலாளியை வெட்டினார். இந்தப் பிளவு இருக்கும்வரை அரசுக்குக் கவலையில்லை. அந்த ஆண்டு முடிவதற்குள் கூட்டங்களையும் பத்திரிகைகளையும் ஒடுக்கும் ஆறு சட்டங்கள் வந்தன.

1830–32: இரண்டு தரப்பும் சேர்ந்தபோது

பன்னிரண்டு ஆண்டுகளில் நிலைமை புரண்டது. 1830இல் பிரான்சில் மன்னர் விரட்டப்பட்டார். தென் இங்கிலாந்தில் விவசாயக் கூலிகள் கதிரடிக்கும் இயந்திரங்களை உடைத்தார்கள். பர்மிங்காமில் தாமஸ் ஆட்வுட் என்ற வங்கியாளர் முதலாளியையும் தொழிலாளியையும் ஒரே அமைப்புக்குள் கொண்டுவந்து 'அரசியல் சங்கம்' தொடங்கியிருந்தார். மற்ற நகரங்களும் அதைப் பார்த்துச் செய்தன.

பிரதமர் வெலிங்டன் பிரபு இருக்கும் முறையே உத்தமம் என்று நவம்பரில் சபையில் அறிவித்தார். இரண்டே வாரத்தில் பதவி போனது. அடுத்து வந்த கிரே பிரபுவின் அரசு கொண்டுவந்த சீர்திருத்த மசோதா 1831 மார்ச்சில் 302க்கு 301 என ஒரே ஓட்டில் பிழைத்தது. பிறகு தேர்தல் நடந்து சீர்திருத்தவாதிகள் பெரும்பான்மையோடு வந்தார்கள். ஆனால் அக்டோபரில் பிரபுக்கள் சபை 41 ஓட்டு வித்தியாசத்தில் மசோதாவைத் தள்ளியது.

அந்த மாதமே நாட்டிங்காம் கோட்டை எரிந்தது. பிரிஸ்டலில் மூன்று நாள் கலவரம், பிஷப்பின் மாளிகை சாம்பல். இருந்தும் பிரபுக்கள் அசைந்தது தீயைப் பார்த்து மட்டும் இல்லை. 1832 மே மாதம் கிரே பதவி விலகி, வெலிங்டன் மீண்டும் அரசு அமைக்க முயன்றபோது, லண்டனில் பிரான்சிஸ் பிளேஸ் என்ற தையற்காரர் தரப்பிலிருந்து ஒரு சுவரொட்டி வந்தது: பிரபுவைத் தடுக்க வேண்டுமா, தங்கம் கேளுங்கள். வங்கியில் காகிதப் பணத்தைக் கொடுத்துத் தங்கமாகத் திருப்பி வாங்குங்கள் என்று பொருள். சில நாட்களில் பேங்க் ஆஃப் இங்கிலாந்திலிருந்து 10 லட்சம் பவுண்டுக்கு மேல் தங்கம் வெளியேறியது. கூட்டத்தைக் குதிரையால் கலைக்கலாம். வங்கி வாசலில் நிற்கும் வரிசையை என்ன செய்வது? அந்த வரிசையில் நின்றவர்கள் 1819இல் வாள் பிடித்த வர்க்கம்.

வெலிங்டனால் அரசு அமைக்க முடியவில்லை. தேவையான அளவு புதுப் பிரபுக்களை நியமித்து மேல் சபையை நிரப்ப மன்னர் நான்காம் வில்லியம் சம்மதித்தார். அந்த மிரட்டலே போதுமானது. எதிர்த்தவர்கள் பலர் சபைக்கே வராமல் ஒதுங்க, ஜூன் 7இல் சட்டம் ஆனது.

கொடுத்தது என்ன, எடுத்தது என்ன?

ஓல்டு சாரம், டன்விச் உட்பட 56 நகரத் தொகுதிகள் அடியோடு ஒழிந்தன. 30 தொகுதிகள் ஆளுக்கொரு இடத்தை இழந்தன. மான்செஸ்டர், பர்மிங்காம், லீட்ஸ், ஷெஃபீல்டுக்கு உறுப்பினர்கள் கிடைத்தார்கள். நகரங்களில் ஊருக்கு ஒரு விதி போய், ஆண்டுக்கு 10 பவுண்டு வாடகை மதிப்புள்ள வீட்டில் குடியிருக்கும் ஆணுக்கு ஓட்டு என்ற பொது விதி வந்தது.

அந்தப் 10 பவுண்டில்தான் சூட்சுமம். வாடகை உயர்ந்த லண்டனில் ஓரளவு வசதியான கைவினைஞரும் அதைத் தொட்டுவிடுவார். வாடகை மலிவான லீட்ஸில் ஆலைத் தொழிலாளி எட்டிக்கூடப் பார்க்க முடியாது. முன்பு பிரஸ்டன் ஊரில் ஏறக்குறைய எல்லா ஆண்களுக்கும் ஓட்டு இருந்தது. பீட்டர்லூ ஹன்ட் 1830இல் வென்றதே அங்கேதான். இருந்த வாக்காளர்கள் சாகும்வரை வைத்துக்கொள்ளலாம், புதிதாக வருபவர்களுக்கு 10 பவுண்டு விதி என்றது சட்டம். ஆக, சில ஊர்களில் 1832 ஓட்டைக் குறைத்தது. தொழிலாளியை வெளியே நிறுத்தும் இந்த மசோதாவை ஹன்ட் சபையில் கடுமையாக விமர்சித்தார். தகுதியுள்ள பெண்களுக்கு ஓட்டுக் கேட்ட மனு ஒன்றையும் அதே ஆண்டு சபையில் கொடுத்தார், சிரிப்புதான் பதில். சட்டமோ 'ஆண்' என்ற சொல்லை முதன்முறையாக வெளிப்படையாகவே எழுதி வைத்தது. டிசம்பர் தேர்தலில் ஹன்ட் தோற்றார்.

இங்கிலாந்து, வேல்ஸ் இரண்டிலும் சேர்த்து வாக்காளர் எண்ணிக்கை 4 லட்சத்துச் சொச்சத்திலிருந்து சுமார் 6.5 லட்சம் ஆனது. வயதுவந்த ஆண்களில் ஐந்தில் ஒருவர். முதலாளியை உள்ளே அழைத்துக்கொண்டு தொழிலாளியிடமிருந்து பிரிப்பது மசோதாவின் பக்கவிளைவு இல்லை, நோக்கமே அதுதான். நமக்குக் கல்விக் குறிப்பால் தெரிந்த மெக்காலே அதை ஒளிக்கவில்லை. காப்பாற்ற வேண்டுமானால் சீர்திருத்துங்கள் என்று 1831 மார்ச்சில் அவர் பேசிய பேச்சு புகழ்பெற்றது. அதைப் பேசும்போது அவர் உட்கார்ந்திருந்தது லான்ஸ்டவுன் பிரபுவின் கைப்பிடியில் இருந்த கால்ன் தொகுதியின் நாற்காலியில்.

சாசன இயக்கம்: கேட்டது ஆறு

ஏமாந்தது யார் என்பது சீக்கிரமே புரிந்தது. புது நாடாளுமன்றம் 1834இல் ஏழைகள் உதவிச் சட்டத்தை மாற்றியது. இனி உடம்பில் தெம்புள்ளவர் உதவி கேட்டால் பணிவிடுதிக்குள் போய் அடைய வேண்டும். கணவன் ஒரு பக்கம், மனைவி ஒரு பக்கம், பிள்ளைகள் ஒரு பக்கம். 1838இல் வில்லியம் லவெட்டும் லண்டன் தொழிலாளர் சங்கமும் 'மக்கள் சாசனம்' வெளியிட்டார்கள். கோரிக்கைகள்:

1. 21 வயதான எல்லா ஆண்களுக்கும் ஓட்டு
2. ரகசிய வாக்கெடுப்பு
3. உறுப்பினராகச் சொத்துத் தகுதி கூடாது
4. உறுப்பினருக்குச் சம்பளம்
5. சம அளவுத் தொகுதிகள்
6. ஆண்டுதோறும் தேர்தல்

நான்காவதைப் பதவி ஆசை என்று அன்று கேலி செய்தார்கள். சம்பளம் இல்லாவிட்டால் நெசவாளி ஒருவர் லண்டனில் எதைத் தின்று சட்டம் செய்வார்?

1839இல் 12 லட்சத்துக்கு மேற்பட்ட கையெழுத்தோடு மனு, சபை தள்ளியது. 1842இல் 33 லட்சம் கையெழுத்து. சபைக் கதவுக்குள் நுழையாத அளவுக்குப் பெரிய உருளை, பிரித்துத்தான் உள்ளே கொண்டுபோனார்கள். 49 பேர் ஆதரவு, 287 பேர் எதிர்ப்பு. எதிர்த்துப் பேசியவர்களில் அதே மெக்காலே. எல்லாருக்கும் ஓட்டு என்றால் சொத்து நிலைக்காது, நாகரிகம் நிலைக்காது என்றார். அந்தக் கோடையில் கூலிக் குறைப்பை எதிர்த்து வேலைநிறுத்தம் வடக்கே பரவியது. தொழிலாளர்கள் ஆலை ஆலையாகப் போய்க் கொதிகலனின் அடைப்பைப் பிடுங்கினார்கள். தண்ணீர் வடிந்தால் நீராவி இல்லை. நீராவி இல்லையென்றால் ஆலை மொத்தமும் நிற்கும். யாரையும் அடிக்கத் தேவையில்லை.

இருந்தும் சாசனம் தோற்றது. 1848இல் மூன்றாவது மனுவும் போனது. இவர்கள் பின்னால் லட்சக்கணக்கில் மக்கள் இருந்தார்கள். ஆனால் 1832இன் வங்கி வரிசை இல்லை, சபைக்குள் பிளவும் இல்லை. நடுத்தர வர்க்கம் அரசின் பக்கம் நின்றது. அந்த மனுவுக்காகச் சாசனக்காரர்கள் கென்னிங்டன் திடலில் கூடிய அன்று லண்டனைக் காக்கத் தற்காலிகக் காவலர்களாகப் பெயர் கொடுத்தவர்கள் பெரும்பாலும் அவர்கள்தான். கோரிக்கைகள் மட்டும் சாகவில்லை. ஆண்டுத் தேர்தலைத் தவிர மற்ற ஐந்தும் 1858க்கும் 1918க்கும் இடையே ஒவ்வொன்றாகச் சட்டமாயின.

1867: ஏட்டில் பேர் இருக்கிறதா?

1866இல் தாராளவாதக் கட்சி அமைச்சர் கிளாட்ஸ்டன் கொண்டுவந்த மிதமான மசோதா தோற்று அரசும் கவிழ்ந்தது. அந்த ஜூலையில் ஹைட் பார்க்கில் கூட வந்த கூட்டத்துக்கு வாசல் பூட்டப்பட, மக்கள் தள்ளிய தள்ளலில் இரும்பு வேலியே சாய்ந்தது. 1867 மே 6இல் தடையை மீறி அங்கேயே மீண்டும் பெருங்கூட்டம். அரசு கைகட்டிப் பார்த்தது, உள்துறை அமைச்சர் பதவி விலகினார்.

அப்போது ஆட்சியில் இருந்தது பழமைவாதக் கட்சி. அதன் அமைச்சர் டிஸ்ரேலியின் மசோதா, நகரங்களில் குடும்பத் தலைவர் எல்லாருக்கும் ஓட்டு என்றது. நிபந்தனை ஒன்று: வீட்டு வரியை அவரே நேரடியாகக் கட்ட வேண்டும். கேட்க நியாயமாக இருக்கும். நடைமுறையில் தொழிலாளர் குடியிருப்புகளில் வீட்டுக்காரரே மொத்தமாக வரி கட்டிவிட்டு அதை வாடகையில் சேர்த்து வாங்கிக்கொள்வார். வரி ஏட்டில் குடியிருப்பவர் பேர் வராது. ஏட்டில் பேர் இல்லையென்றால் ஓட்டும் இல்லை. ஒரு கையால் கொடுத்து மறு கையால் பிடுங்கும் வேலை. ஹைட் பார்க் கூட்டம் முடிந்து இரண்டு வாரம்கூட ஆகவில்லை, அந்த மொத்தவரி முறையையே நீக்கும், ஹாட்ஜ்கின்சன் என்ற எதிர்க்கட்சி உறுப்பினரின் திருத்தத்தை டிஸ்ரேலி சண்டையின்றி ஏற்றார். அந்த ஒரு திருத்தம் பல லட்சம் பேரைப் பட்டியலில் ஏற்றியது. பிரிட்டன் முழுக்க வாக்காளர்கள் 13 லட்சத்துச் சொச்சத்திலிருந்து ஏறக்குறைய 25 லட்சமானார்கள். அதே மாதம், சபை உறுப்பினராக இருந்த தத்துவவாதி ஜான் ஸ்டூவர்ட் மில், சட்டத்தில் 'ஆண்' என்பதற்குப் பதில் 'நபர்' என்று எழுதச் சொன்னார். ஆதரவு 73, எதிர்ப்பு 196.

ஓட்டுப் போடுவது அதுவரை பகிரங்கம். மேடை ஏறி, யாருக்கு என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அது ஏட்டில் பதிவாகி அச்சிட்டு விற்பனைக்கும் வரும். முதலாளியும் நிலக்காரரும் படிப்பார்கள். 1872இல் ரகசிய வாக்கு வந்தது. அந்த முறையில் முதல் இடைத்தேர்தல் நடந்த பான்டிஃபிராக்ட் ஊரில், அதிமதுர மிட்டாய்க்குப் போடும் முத்திரையால் அரக்கு வைத்து வாக்குப்பெட்டியைப் பூட்டினார்கள்.

1884 முதல் 1928 வரை

1884 சட்டம் நகரத் தொழிலாளியின் உரிமையை மாவட்டத் தொகுதிகளில் இருந்த சுரங்கத் தொழிலாளிக்கும் விவசாயக் கூலிக்கும் நீட்டியது. அப்படியும் பத்தில் நான்கு ஆண்களுக்கு ஓட்டில்லை. பெற்றோர் வீட்டில் இருக்கும் மகன், முதலாளி வீட்டில் தங்கும் வேலைக்காரர், ஓராண்டுக்குள் வீடு மாறியவர் எல்லாரும் விடுபட்டார்கள். வேலை தேடி ஊர் மாறுவதே தொழிலாளியின் வாழ்க்கை என்னும்போது, கடைசி விதி யாரைக் குறிவைத்தது என்று விளக்கத் தேவையில்லை.

பெண்களின் போராட்டம் என்றால் மேல்தட்டுப் பெண்கள் ஜன்னலை உடைத்ததுதான் பலருக்கு நினைவு வரும். அதற்கு முன்பே, 1901இல், லங்காஷயர் பஞ்சாலைப் பெண்கள் 29,359 பேர் கையெழுத்திட்ட மனு லண்டனுக்குப் போனது. ஆலை வாசல்களில் நின்று வாங்கிய கையெழுத்துகள். சங்க உறுப்பினராகக் கூலி பேசும் உரிமை இருக்கிறது, அந்தக் கூலியைத் தீர்மானிக்கும் சட்டத்தில் பேச்சில்லை என்பது அவர்கள் வாதம்.

பூட்டை உடைத்தது போர். வெளிநாட்டுப் பதுங்குகுழியில் ஓராண்டாகக் கிடக்கும் சிப்பாய்க்குக் குடியிருப்பு விதிப்படி ஓட்டு கிடையாது. அந்த நிலையில் தேர்தல் நடத்த எந்த அரசுக்கும் துணிச்சல் வராது. 1918 சட்டத்தால் வாக்காளர்கள் 77 லட்சத்திலிருந்து 2.14 கோடியானார்கள். அதில் பெண்கள் 84 லட்சம். 30 வயதும் வீடோ சொத்தோ சார்ந்த தகுதியும் நிபந்தனை. வெடிமருந்து ஆலைகளில் உயிரைப் பணயம் வைத்தவர்களில் பெரும்பாலோர் 30க்குக் கீழே இருந்த இளம்பெண்கள். போரில் உழைத்ததற்குப் பரிசாகப் பெண்களுக்கு ஓட்டுக் கிடைத்தது என்று சொல்பவர்கள் இந்த வயது வரம்பைக் கவனிப்பதில்லை. அந்த இளம்பெண்கள் பத்து ஆண்டுகள் காத்திருந்தார்கள்.

இலங்கையில் அதே ஏடு

1928இல், அன்று பிரிட்டன் ஆண்ட இலங்கைக்கு, டொனமூர் ஆணைக்குழு எல்லாருக்கும் வாக்குரிமையைப் பரிந்துரைத்தது. 1931இல் இலங்கை 21 வயதான ஆண், பெண் இருபாலருக்கும் அதைப் பெற்றது. தொழிற்சங்கத் தலைவர் ஏ. ஈ. குணசிங்க அதைக் கேட்டவர். பொன்னம்பலம் இராமநாதன் கடுமையாக எதிர்த்தவர். ஆனால் மலையகத் தோட்டத் தமிழர்களுக்கு மட்டும், நிரந்தரமாகக் குடியிருக்கும் நோக்கத்தைக் காட்டு, சான்றிதழ் கொண்டு வா என்று பதிவு விதிகள் கெடுபிடி செய்தன.

தேயிலைத் தோட்டமும் ஒரு தொழிற்சாலைதான்: ஆயிரக்கணக்கானோர் ஒரே லயன்களில் (வரிசை வீடுகளில்), ஒரே சங்கத்தில். பிரிட்டனில் நடந்ததுபோலவே அந்தக் கூட்டம் ஓட்டாக மாறியது. 1947 தேர்தலில் மலையகத் தொகுதிகளில் அதன் பலம் தெரிந்தது. பிரிட்டனின் ஆட்சியாளர்கள் அழுத்தம் கூடியபோது பட்டியலை நீட்டினார்கள். கொழும்பு எதிர்த் திசையில் போனது. 1948 குடியுரிமைச் சட்டம் சுமார் 7 லட்சம் தோட்டத் தமிழர்களை நாடற்றவர்கள் ஆக்கியது. 1949 தேர்தல் சட்டத் திருத்தம் அவர்கள் பெயர்களை வாக்காளர் பட்டியலிலிருந்து நீக்கியது. பெரும் பங்கினருக்கு ஓட்டு திரும்பக் கிடைக்கப் பல பத்தாண்டுகள் ஆயின.